பரலுக்குப் போன நல்ல தண்ணீர்

கையில் வெள்ளை காயாமலே போய்விட்ட என் மணி மச்சாளுக்கு,

அடுத்த கிழமை உம்முடைய ஆண்டுத் திவசம். பேப்பரில் உம்முடைய படத்தோடு போடுவதற்கு நாலு வரி கவிதை எழுதித் தா என்று அண்ணர், உம்முடைய மனிசன், என்னிடம் கேட்டார். என் கூடப்பிறந்தவர்தான், ஆனாலும் என்னிடம் போய்க் கவிதை கேட்கிறார் என்றால் இவ்வளவு காலமும் என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. "குலவிளக்கே, குணக்குன்றே" என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். நீர் வாசித்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர். கிழித்துப் போட்டேன். எனக்கு வருவது எங்கள் குழம்புக் கதைதான். அதைக் கடிதமாக எழுதுகிறேன். பேப்பர்காரர் போட்டால் போடட்டும், ஊர் வாசித்தால் வாசிக்கட்டும்.

வாசிக்கிற ஆட்களுக்காகச் சிலதைச் சொல்லவேண்டும், நீர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். குழம்பு என்றால் சோற்றுக்கு விடுகிற குழம்பு இல்லை. நெளுக்குளத்தில் எங்கள் வளவின் பின்பக்கத்துத் தகரக் கொட்டிலில் நீரும் நானும் தொடங்கிய தொழில் அது. வெள்ளைக்கல்லை மாவாக அரைத்த தூள் சாக்கில் வரும். தூளைக் கூட்டி, தண்ணீரைக் குறைத்து, மெஷினில் போட்டுக் கலக்கி, தடித்த வெள்ளைக் குழம்பாக்கிப் பரல் என்கிற பெரிய பீப்பாயில் அடைத்துக் கொடுப்போம். சுவருக்குப் பெயின்ற் செய்கிறவர்கள் அதை வாங்கிப் பசையும் நிறமும் சேர்த்துக்கொள்வார்கள். சொல்லும்போது சின்ன வேலைதான்.

ஆனால் அந்தக் குழம்புக்கு இரண்டு குணம் வேண்டும். தடிப்பாகவும் இருக்கவேண்டும், சரித்தால் ஓடவும் வேண்டும். இன்றைக்கு ஓடினால் போதாது. பரலில் கிடந்து, லொறியில் குலுங்கி, வாங்கினவரின் கொட்டிலில் வெயிலில் நின்ற பிறகும் ஓடவேண்டும். தூளின் ஒவ்வொரு மணியும் பக்கத்து மணியோடு ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். ஒட்டவிடாமல் பிரித்து வைப்பதற்குக் கொழும்பிலிருந்து வருகிற திரவம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஏதோ நீளமான பெயர். நாங்கள் மருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

இந்த ஒரு வருடத்தில் உமக்குச் சொல்லாமல் சேர்ந்துபோன கதை நிறைய. எல்லாவற்றையும் எழுத எனக்குத் தெம்பில்லை. குழம்புக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். நீர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கடைசியாக என்னிடம் கேட்டதும் அதைத்தானே. "யோகம், பரல் இறுகேல்லையே?" என்று கேட்டீர். "இல்லை மச்சாள், நல்லா ஓடுது" என்றேன். அன்றைக்கு அது உண்மை.

தொடக்கத்தில் நடந்தது உமக்கு நினைவிருக்கும். சுயதொழில் திட்டக்காரர் மெஷினைத் தந்து, வேலையைக் காட்டித் தந்து, எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் காட்டித் தந்த இடத்தில் ஓடிய குழம்பு எங்கள் வளவில் ஓடவில்லை. பின்னேரம் பாலாக இருந்தது விடியப் பார்த்தால் கட்டித் தயிர். எங்கள் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டது நீர்தான். தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்திலின் அடியில் வெள்ளையாகத் தடித்துக் கிடந்த படையைக் கரண்டியால் சுரண்டி எனக்குக் காட்டினீர். பிறகு ஊர்ச் சங்கம் தண்ணீரை வடிகட்டிக் கொடுக்கிற நிலையத்திலிருந்து பிளாஸ்டிக் கானில் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றிப் பார்த்தீர். குழம்பு இறுகவே இல்லை.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். நிலையத்தில் ஒரு குடும்ப அட்டைக்கு இவ்வளவு கான்தான் என்று கணக்கு. கறண்ட் இல்லாத நாளில் அதுவும் இல்லை. கிடைக்கிறது பரலுக்குக் காணும், அல்லது குடிக்கக் காணும், இரண்டுக்கும் போதாது. நாங்கள் பரலுக்கு ஊற்றினோம். ஒருவரும் எங்களை வற்புறுத்தவில்லை. கான் தண்ணீரில் ஊற்றிய தேத்தண்ணி சப்பென்று இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரில்தான் ருசி என்று நாங்களே சொன்னோம். "நாக்குக்குக் கிணறு, பரலுக்குக் கான்" என்று நீர் சொல்ல, எங்களோடு கொட்டிலில் வேலை செய்கிற புஷ்பமும் ரூபியும் நானும் சிரித்துக்கொண்டே கிணற்றுத் தண்ணீரைக் குடித்தோம். வாங்கி வந்த நல்ல தண்ணீரைக் கல்லுக்கு ஊற்றிவிட்டுக் கல்லுத் தண்ணீரைத் தாங்கள் குடித்தவர்கள் உலகத்தில் வேறு எங்கேயாவது இருப்பார்களா மச்சாள்?

முதலில் உமக்குக் கால் வீங்கியது. நின்று வேலை செய்வதால் என்று எண்ணெய் தடவினோம். பிறகு முகம். கிளினிக்கில் இளம் பெண்ணாயிருந்த டொக்டர் பிள்ளை உம்மைப் பார்த்து, "அம்மா, என்ன தண்ணி குடிக்கிறனீங்கள்?" என்று கேட்டா. "கிணத்துத் தண்ணிதான் டொக்டர்" என்றீர். "உங்கட பக்கம் வடிதண்ணி குடுக்கிறவைதானே?" என்று கேட்டா. நீர் என்னைப் பார்த்தீர். நான் நிலத்தைப் பார்த்தேன். பரலுக்கு ஊற்றுகிறோம் என்று ஒரு டொக்டரிடம் எப்படிச் சொல்வது?

வெளியில் வந்து வாங்குப் பலகையில் இருந்துகொண்டு நீர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "யோகம், என்னைவிடப் பரல் குடுத்து வைச்சது." சொல்லிவிட்டுச் சிரித்தீர். நானும் சிரித்தேன். இரண்டு பேருமாக அந்த வாங்கில் இருந்து பைத்தியக்காரர் போலச் சிரித்தோம், பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளி இருந்தார்கள்.

சிறுநீரகம் பழுதானது தண்ணீரால்தான் என்று எந்த டொக்டரும் அடித்துச் சொல்லவில்லை. தண்ணீரால் இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் இந்த வருத்தம் இருக்கிறது என்று நீரே விரல் மடித்துப் பார்த்தீர். இனி அதைப் பற்றிக் கதைத்து என்ன? ஆனால் எனக்கு உம்மில் கோபம் இருக்கிறது. இன்னும் ஆறவில்லை. இடம்பெயர்ந்திருந்த முகாமில் தண்ணிப் பவுசர் லொறி வரும்போது அடுத்த கூடாரத்துக் கிழவிக்கும் சேர்த்து இடித்துத் தள்ளி வாளி நிரப்பின ஆள் நீர். உமக்கென்று ஒரு கான் ஒதுக்கி வைக்கத் தெரியாமல் போனதா? செத்துப்போன ஆளோடு சண்டை பிடித்து வெல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல்.

உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து கொட்டிலைத் திறந்த அன்றைக்கு நான் செய்த முதல் வேலை, கான்களை மெஷினடியிலிருந்து தூக்கி அடுப்படிக் குசினிப் பக்கம் வைத்ததுதான். "இனி இது குடிக்க. பரலுக்குக் கிணறு" என்றேன். புஷ்பம் தேத்தண்ணி ஊற்றினாள். வாயில் வைத்ததும் மூன்று பேரின் முகமும் ஒரே மாதிரி.

"வெந்நீரக் குடிக்கிற மாதிரி இருக்குதே அக்கா" என்றாள் புஷ்பம். அவளுடைய தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்தவர், தேத்தண்ணி விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது.

"கொஞ்சம் தேயிலைச் சாயம் கூடப் போடு" என்றேன்.

சாயம் கூடப் போட்டும் சரிவரவில்லை. ஆனாலும் குடித்தோம். பழகிவிட்டது மச்சாள், எல்லாம் பழகுகிறது. அண்ணர்கூட இப்போது தன்னுடைய தேத்தண்ணியைத் தானே ஊற்றுகிறார். கோப்பையைக் கழுவி வைக்கிற அளவுக்கு இன்னும் முன்னேறவில்லை.

குழம்புதான் பழகவில்லை. கிணற்றுத் தண்ணீரில் போட்ட முதல் பரல் மெஷினிலிருந்து இறங்கும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. உம்முடைய சோதனையைச் செய்து பார்த்தேன். கம்பை விட்டுத் தூக்கினால் வெள்ளை நூல் அறாமல் விழவேண்டும், விழுந்த இடம் உடனே மட்டமாகவேண்டும். விழுந்தது, மட்டமானது. அடுத்த நாள் விடியக் கம்பை விட்டேன், கம்பு நட்டுக்கொண்டு நின்றது. போட்டு அடித்துக் கலக்க மறுபடி இளகியது. மத்தியானம் போய்ப் பார்த்தால் மறுபடி தயிர். அடுத்த நாள் கலக்கியும் அசையவில்லை.

மருந்தைக் கூட்டிப் பார்த்தேன். அது வேறு கரைச்சல். இறுகவில்லைதான், தூள் முழுக்க அடியில் இறங்கிக் கல்லாய்ப் போய் மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. அடியில் கிடந்ததை இரும்பு அலவாங்கால் கிண்டவேண்டியிருந்தது. மருந்து குறைந்தால் தயிர், கூடினால் கல். இடையில் எங்கேயோ ஒரு அளவு இருக்கிறது, அது ஒவ்வொரு நாளும் இடம் மாறுகிறது. மழைத்தண்ணீரைப் பிடித்தால் என்ன என்று அண்ணர் கேட்டார். மாரியில் சரி, பங்குனி வெயிலில் மழையை எங்கே போய்ப் பிடிக்கிறது?

புதுக்குடியிருப்பில் எங்களிடம் எடுக்கிற தவராசா அண்ணரை உமக்குத் தெரியும்தானே, உம்மோடு எப்போதும் விலைக்கு இழுபடுகிற மனிசன். அவர் போன் எடுத்தார். "தங்கச்சி, நீங்கள் அனுப்பினது கத்தியால வெட்டி எடுக்கலாம் போல கிடக்கு. அந்தப் பிள்ளை இருக்கேக்க இப்பிடி வந்ததே இல்லை" என்றார். அந்தப் பிள்ளை என்றது உம்மைத்தான். பரல்களைத் திருப்பி அனுப்பினார். வைகாசியில் அந்தப் பக்கத்துக் கோவில்கள் எல்லாம் பெயின்ற் அடிக்கத் தொடங்கும், அதற்குள் சரியான குழம்பு வராவிட்டால் கொழும்பில் எடுப்பேன், பிறகு எங்கள் பக்கம் வரமாட்டேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு கதை கேட்டிருப்பேன்.

அவர் விட்டால் எங்களிடம் எடுக்க வேறு பெரிய ஆள் இல்லை. கொட்டிலைப் பூட்டவேண்டியதுதான். ரூபி விடிய முதல் பஸ் ஏறித் தையல் பக்டரிக்குப் போகவேண்டும், வீட்டில் நடக்கமாட்டாத தாயை ஆர் பார்ப்பது? புஷ்பம் வெயிலில் புல்லுப்பிடுங்கக் கூலிக்குப் போகவேண்டும். நான் என்ன செய்வேன் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கக் களைப்பாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் நான் கொட்டிலுக்குள் போகும்போது புஷ்பம் ஒரு கானைத் தூக்கி மெஷினுக்குள் ஊற்றிக்கொண்டு நிற்கிறாள். ரூபி தூள் சாக்கை அவிழ்க்கிறாள். இரண்டு பேரும் முதல் நாளே கதைத்து வைத்திருக்கிறார்கள்.

"என்ன செய்யிறாய் புஷ்பம்?"

"கோவிக்காதீங்க அக்கா. வேல போனா எங்களுக்கு வேற என்ன இருக்கு? நாங்க பொறந்ததுல இருந்து குடிக்கிறது இந்தக் கிணத்துத் தண்ணிதானே."

"ஓம் அக்கா" என்றாள் ரூபி. "நாங்கள் குடிப்பம். மணி அக்காவும் இப்பிடித்தானே செய்தவா."

"அதாலதான் சொல்லுறன். மணி அக்கா இப்ப எங்க? சொல்லு பாப்பம், எங்க?" என்று கேட்டேன். ரூபி அழத் தொடங்கினாள். நான் போய் மெஷினை நிற்பாட்டினேன். "இந்தக் கானில ஒரு சொட்டு இனிப் பரலுக்குள்ள போனால் நானே கொட்டிலைப் பூட்டிப்போட்டுத் திறப்பைக் கிணத்துக்குள்ள எறிவன்" என்றேன். பிறகு மூன்று பேரும் நிலத்தில் இருந்து, மெஷினுக்குள் கிடந்த கான் தண்ணீரை என்ன செய்வது என்று யோசித்தோம். தூள் பட்டுவிட்டதால் குடிக்க முடியாது. கடைசியில் வேலியோரத்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றினோம்.

கான் தண்ணீரைத் தொடாமல், கிணற்றுத் தண்ணீரில், இறுகாத குழம்பு. செய்ய முடிந்தால் கொட்டில் இருக்கும், முடியாவிட்டால் பூட்டு. அவ்வளவுதான் கணக்கு.

அன்று பின்னேரம் கொழும்புக்கு நசீர் தம்பிக்குப் போன் எடுத்தேன். மருந்து அனுப்புகிறவர், உம்முடைய செத்த வீட்டுச் செய்தி கேட்டுப் போனிலேயே அழுதவர். நடந்ததைச் சொன்னேன்.

"மருந்துல பிழை இல்லக்கா" என்றார். "ஒங்கட கிணத்துத் தண்ணில சுண்ணாம்பு கூட. மருந்து தூளுக்குப் போக முந்தி அந்தச் சுண்ணாம்பே அதப் புடிச்சுக்கும். மிச்சம் இருக்கிறது தூளுக்குக் காணாது. முந்தி நல்ல தண்ணிலதானே போட்டீங்க, அதையே போடுங்களேன்."

"அதை இப்ப நாங்கள் குடிக்கிறம் தம்பி."

"அப்ப வேற வழி பாப்பம்" என்றார்.

அவர் சொன்னது இது. உடுப்புத் தோய்க்கிற சோடாத்தூளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து அசையாமல் விடவேண்டும். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு வெள்ளையாகத் திரண்டு அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் கோலி எடுத்துக் குழம்புக்கு விடவேண்டும். ஆனால் சோடா கூடிப்போனால் தண்ணீர் உப்பாகி அதுவே குழம்பைக் கெடுக்கும். சரியான அளவு எங்கள் தண்ணீரைப் பொறுத்தது, அதைக் கொழும்பில் இருந்து அவர் சொல்ல முடியாது.

ரூபி வீடுவீடாகப் போய் வெற்று ஜாம் போத்தல்களை வாங்கி வந்தாள். ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும் ஒவ்வொரு அளவு சோடா. படிந்த பிறகு மேல் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பு செய்து போத்தலில் விட்டு, தகரத்தின் கீழ் வரிசையாக வைத்தோம். காலையில் வந்ததும் ஒவ்வொன்றாகச் சரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. புஷ்பம் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் சரிப்பாள். சாமிக்குக் குழம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது போலிருந்தது.

முதல் நாள் வாளியில் படிந்ததை நான் கையில் எடுத்துப் பார்த்தேன் மச்சாள். மெல்லிய வெள்ளை மாவு. காய்ந்த பிறகு எங்கள் சாக்குத் தூளுக்குப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று தெரியாது. நசீர் தம்பியிடம் கேட்டேன், இரண்டும் ஒன்றுதான் என்றார். இவ்வளவு காலமும் இதைத்தான் குடித்தோமா என்று புஷ்பம் கேட்டாள். நான் கையைக் கழுவப் போய்விட்டேன். கிணற்றடியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சோடாவால் பாதி வழி வந்தோம். கூடப் போட்ட போத்தல்கள் தொடக்கத்திலேயே தடித்தன. குறையப் போட்டவை பழையபடி தயிர். இடையில் நின்ற சில போத்தல்கள் முன்னையிலும் பார்க்கச் சில நாள் கூட ஓடின, பிறகு அவையும் மெல்ல மெல்ல இறுகின. சித்திரை பிறந்துவிட்டது. தவராசா அண்ணரும் போன் எடுப்பதை விட்டுவிட்டார்.

அப்போதுதான் ஒரு நாள் எனக்கு உண்மையாகவே ஏலாமல் போனது. அன்றைக்கு அண்ணருக்குக் காய்ச்சல், இரண்டு வீட்டுச் சமையல், வயலுக்குப் போகிற ஆட்களுக்குச் சாப்பாடு. பின்னேரம் கொட்டிலுக்கு வந்து ஒரு போத்தலுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். பாதி விட்டதும் கை அலுத்துவிட்டது. இதெல்லாம் ஆருக்கு, எதற்கு என்று ஒரு வெறுப்பு. மிச்ச மருந்தை அப்படியே மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். விடிய வந்து பார்த்தேன், அந்தப் போத்தல் சற்றுத் தடித்திருந்தது. வீணாக்குவானேன் என்று மிச்ச மருந்தை விட்டுக் கலக்கி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அந்தப் போத்தல் இறுகவில்லை. மற்றவை எல்லாம் ஒவ்வொன்றாகப் போக, அது மட்டும் சரித்த பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. அடியிலும் கல் கட்டவில்லை. ரூபி அதைத்தான் தினமும் முதலில் சரிப்பாள், பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்ப்பாள். ஒருவரும் வாயைத் திறக்கமாட்டோம், கண்பட்டுவிடும் என்ற பயம். திரும்பச் செய்து பார்த்தோம். திரும்பவும் சரி.

நசீர் தம்பி காரணம் சொன்னார். தூள் ஒரே தரத்தில் முழுக்க நனைவதில்லையாம். கட்டியாய் இருக்கிற மணிகள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறி மெல்ல மெல்ல உடையும். உடைந்து வருகிற புதுப் பக்கங்களுக்கும் மருந்து வேண்டும். எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் பிறகு வருகிறவற்றுக்கு இல்லை. அதனால் பாதியை முதலில் தண்ணீருக்குள் விட்டுத் தூளைப் போடவேண்டும், மிச்சத்தை ஒரு இரவு ஆறவிட்டுக் கொடுக்கவேண்டும். கேட்கும்போது எவ்வளவு சுகமான கதை. நீர் உயிரோடு இருந்திருந்தால் இதை எனக்கு முன்னமே பிடித்திருப்பீர் என்று நினைக்கிறேன். அல்லது நீர் ஒருநாளும் அலுத்துப்போய்ப் பாதியில் விட்ட ஆள் இல்லை, அதனால் பிடித்திருக்கவே மாட்டீரோ?

இப்போது எங்கள் வேலை இப்படி. கிணற்றுத் தண்ணீர் சோடாவில் ஒரு நாள் படியும். மேல் தண்ணீரில் பாதி மருந்து, பிறகு தூள். ஒரு இரவு ஓய்வு. விடிய மிச்ச மருந்து. முன்னர் ஒரு நாளில் முடித்ததற்கு இப்போது மூன்றாம் நாளாகிறது. பரல்கள் காத்து நிற்கின்றன, நாங்களும் அவற்றோடு காத்து நிற்கிறோம். கான்கள் குசினியில் இருக்கின்றன.

முதல் பரல்களைத் தவராசா அண்ணருக்கு அனுப்பி, "உடன திறக்காதேங்கோ, கொஞ்ச நாள் வெயிலில கிடக்கட்டும்" என்று சொன்னேன். பிறகு நானே போனேன். வவுனியாவில் பஸ் மாறி, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் எல்லாம் கடந்து போய் இறங்கும்போது என் முழங்கால் என்னுடையதாக இல்லை. அவர் மூடியைத் திறந்து கம்பை விட்டார். தூக்கினார். நூல் அறாமல் விழுந்தது, விழுந்த இடம் மட்டமானது.

நான் மூச்சை விட்டேன். அந்த மனிசன் என்ன சொன்னார் தெரியுமா?

"தங்கச்சி, தண்ணி கூட விட்டிட்டியளோ? மோர் மாதிரி ஓடுது."

ஓடாவிட்டாலும் குறை, ஓடினாலும் குறை. நான் ஒரு வாளியில் அந்தக் குழம்பை நிரப்பி அவருக்கு முன்னால் வைத்தேன். "தூக்கிப் பாருங்கோ" என்றேன். ஒரு கையால் தூக்கப் பார்த்தார். வாளி எழும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முனகித் தூக்கி, வைத்தார். தண்ணீர் அவ்வளவு பாரம் இருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

"சரி, மிச்சத்தையும் அனுப்புங்கோ" என்றார். பிறகு, நான் வெளிக்கிடும்போது, "அந்தப் பிள்ளையின்ர கை மாதிரியே கிடக்கு" என்றார்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இடம் கிடைத்தது. சந்தோஷமாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் வரவில்லை. களைப்புத்தான் வந்தது. உமக்குச் சொல்லலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டேன். உம்முடைய நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவும் மனமில்லை, பார்க்கவும் மனமில்லை. நல்ல செய்தியை முதலில் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது? புஷ்பத்துக்கு எடுத்துச் சொன்னேன். அவள் ரூபியைக் கூப்பிட்டுச் சொல்வதும், இரண்டு பேரும் சேர்ந்து கத்துவதும் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் கொஞ்சம் நன்றாக இருந்தது.

கோவில் வேலைகள் எல்லாம் முடிந்துவிட்டன. அந்தப் பக்கம் போனால் புதுச் சுவர்களைப் பார்க்கலாம். மாரியும் வந்து போனது, கொட்டில் இன்னும் திறந்திருக்கிறது. ரூபி தையல் பக்டரிக்குப் போகவில்லை. புஷ்பத்துக்குத்தான் போன மாதம் கால் கொஞ்சம் வீங்கியது. உடனே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எண்ணெய் தடவவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இப்போதைக்குப் பயமில்லை, தொடர்ந்து வரவேண்டும் என்றார்கள். "என்ன தண்ணி குடிக்கிறனீங்கள்?" என்று அதே டொக்டர் பிள்ளை கேட்டா. "கான் தண்ணி" என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். புஷ்பம் என்னைப் பார்த்தாள். இந்தமுறை நான் நிலத்தைப் பார்க்கவில்லை.

நேற்று அண்ணர் படையலுக்கு என்னென்ன வைப்பது என்று என்னோடு கதைத்தார். உமக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், தயிர் மிளகாய். உளுந்து வடை கட்டாயம் என்றார், அது அவருக்குப் பிடித்தது. கடைசியாகத் தேத்தண்ணி. "அதைக் கிணத்துத் தண்ணியில ஊத்து யோகம். அவாவுக்கு அதுதானே விருப்பம்" என்றார். பிடித்ததை வைப்பதுதானே முறை. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆனால் உமக்குச் சொல்கிறேன், ஊரும் கேட்கட்டும். முறை பிழைத்தாலும் பிழைக்கட்டும். நான் வைக்கிற படையலில் உமக்குக் கிணற்றுத் தண்ணீர் இல்லை. திவசத்துக்கு மட்டும் இல்லை, கொட்டில் திறந்திருக்கிற ஒவ்வொரு நாளும் கான் வந்ததும் முதல் கோப்பை உம்முடைய படத்துக்கு முன்னால் வரும். பிறகு புஷ்பத்துக்கு, ரூபிக்கு, எனக்கு. பரல் எங்களுக்குப் பிறகுதான். இது நான் உமக்குத் தருகிற வாக்கு, இதில் நீர் என்னோடு வாதாட முடியாது.

சப்பென்றுதான் இருக்கும். முகத்தைச் சுளிக்காமல் குடியும் மச்சாள்.

உம்முடைய மனிசனின் தங்கச்சியும்
கோபம் ஆறாத உம்முடைய மச்சாளுமான,
யோகம்
நெளுக்குளம்